சேனை தொட்ட விரல்

கருங்காட்டுப்பட்டி,
பனவடலிசத்திரம் வழி,
24.11.1983

அன்புள்ள அத்தானுக்கு,

ஆறுமுகத்தாய் எழுதுவது. நானும் உங்கள் மகளும் நல்லபடியாக இருக்கிறோம். அங்கே பனி கொட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். காதை மூடாமல் வெளியே போகாதீர்கள். லேசாக ஈரக்காற்று பட்டாலே உங்களுக்குச் சளி பிடித்துவிடும் என்பது பட்டாளத்துக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

பிள்ளை உங்கள் நிறம். மூக்கு என் அப்பா மூக்கு. அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. பகலெல்லாம் தூங்குகிறாள், விளக்கு வைத்ததும் கச்சேரியை ஆரம்பிக்கிறாள். அத்தைதான் தூக்கிவைத்துக்கொண்டு நடக்கிறார்கள். எனக்கு அம்மா இல்லாத குறை தெரியாமல் வெந்நீர் ஊற்றி, மருந்து அரைத்துக் கொடுத்து, பெற்ற மகளைப் போலப் பார்த்துக்கொள்கிறார்கள். கீழே நான் எழுதப்போவதைப் படிக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கூட இருக்கிற பஞ்சாபிக்காரர், ஊரில் என்னென்ன ஜனங்கள் இருக்கிறார்கள் என்று கேட்டதாகவும், எல்லாரும் ஒரே ஜனம்தான் என்று நீங்கள் பதில் சொன்னதாகவும் போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டுச் சிரித்தேன். பிள்ளை பெற்ற வயிறு, சிரித்தால் வலிக்கிறது. வெளியூர்க்காரர் கிடைத்தால் இப்படியா புளுகுவது?

வடக்குத் தெரு நாயக்கமார் நம்மிடம் பேசினால் தமிழ், மாட்டிடமும் பிள்ளையிடமும் பேசினால் தெலுங்கு. கண்மாய்க்கரையில் ஆட்டுக்காரக் கோனார் வீடுகள். அவர்கள் கிடை போட்டால்தான் நம் கரிசலுக்கு உரம். முகம்மது உசேன் அண்ணாச்சி வீடு ஒன்றே ஒன்று. நோன்புப் பெருநாள் தொழுகைக்கு அவர் சங்கரன்கோவில் வரைக்கும் போகவேண்டும். ஓடைக்கு அந்தப்புறம் கீழத்தெரு. நம் நிலத்தில் விதைப்பிலிருந்து அறுப்பு வரைக்கும் அவர்கள் கைதான், ஆனால் கிணறு வேறு, சுடுகாடு வேறு. இதையெல்லாம் அந்த மனுஷரிடம் சொல்லக் கூச்சமாக இருந்திருக்கும். எனக்குப் புரிகிறது. உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. உங்கள் மகள் பிறந்த கதையைச் சொல்லவேண்டும், அதற்கு இதெல்லாம் வேண்டியிருக்கிறது.

சேனை வைக்கிறதில் அத்தைக்கு எவ்வளவு பிடிவாதம் என்று உங்களுக்குத் தெரியும். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக இனிப்புத் தொட்டு வைக்கிறவர் குணம்தான் அந்தப் பிள்ளைக்கு வரும் என்று சொல்லிச் சொல்லி, பெரிய அத்தான்தான் வைக்கவேண்டும் என்று ஆறாம் மாதமே முடிவு செய்துவிட்டார்கள். உங்கள் அண்ணனுக்கு ஆபீஸ் உத்தியோகம், அதிர்ந்து பேசமாட்டார், பிள்ளையும் அப்படி வரட்டும் என்று. நாள் நெருங்கியதும் அவரைக் கூட்டிவரவும், சேனைக்கு ஒரு குப்பி மலைத்தேன் வாங்கவும் அத்தையே சங்கரன்கோவிலுக்குப் பஸ் ஏறினார்கள். அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. அப்படி ஒரு மழையை நான் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு பார்க்கவில்லை. ஓடை இரண்டு கரையும் புரண்டு, பஸ் நின்றுபோய்விட்டது. அன்றைக்கென்று எனக்கு வலி எடுத்தது.

உறைமோர் வாங்க வந்த வடக்குத் தெரு கெங்கம்மாள் மதினிதான் என் சத்தம் கேட்டு உள்ளே ஓடிவந்தார்கள். உசேன் அண்ணாச்சி கடையை அப்படியே போட்டுவிட்டு, மேலநீலிதநல்லூர் நர்சம்மாவைக் கூட்டிவரச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். வெள்ளம் அவரை விடவில்லை. இடுப்புவரை சேறாகத் திரும்பி வந்தார். அந்த நேரத்தில்தான், பருத்திக்காட்டு வரப்பு உடைந்துவிட்டது என்று சொல்ல, வெள்ளத்துக்கு முன்பே நம் காட்டுக்கு வந்து ஓடைக்கு இந்தப்புறமே மாட்டிக்கொண்ட கீழத்தெரு இசக்கித்தாய் நம் கொல்லைவாசலுக்கு வந்தாள்.

அவளை உங்களுக்குச் சொல்லவேண்டாம். உங்களுக்கு மீசை முளைக்கும் முன்பிருந்தே நம் காட்டில் களை எடுக்கிறவள். ஆனால் ஒருநாளாவது நம் வீட்டுப் படியைத் தாண்டியிருக்கிறாளா? அன்றைக்கும் நனைந்துகொண்டு வெளியேதான் நின்றாள். கெங்கம்மாள் மதினிக்குக் கோபம் வந்துவிட்டது. "உள்ள வா. அங்கன நிக்கதுக்கு இப்ப நேரமில்ல" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். உள்ளே வந்த பிறகு இசக்கித்தாய் யாரையும் எதையும் கேட்காமல் பிரசவம் பார்க்க உட்கார்ந்துவிட்டாள். மதினி என் தோளைப் பிடித்துக்கொண்டு தெலுங்கில் எந்தச் சாமியையோ கூப்பிட்டார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் தைரியமாக இருந்தது.

பிள்ளை வந்தது, அழவில்லை அத்தான். நீலம் பாரித்துக் கிடந்தது. மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இசக்கித்தாய் விடவில்லை. தலைகீழாகத் தூக்கி, முதுகில் தட்டி, வாயில் இருந்த சளியைத் தன் வாயால் உறிஞ்சித் துப்பி, ஊதி ஊதிப் பார்த்தாள். நான் செத்துப் பிழைத்தேன். கடைசியில் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிள்ளைக்கு நாக்கு வறண்டு கிடந்தது. எனக்காகக் காய்ச்சிய கருப்பட்டித் தண்ணீரில் விரலை நனைத்து அதன் நாக்கில் தொட்டு வைத்தாள். பிள்ளை சப்பியது. அதற்கப்புறம்தான் தான் செய்தது என்ன என்று அவளுக்கே உறைத்தது. "தாயி, நானுல்லா சேனை தொட்டுட்டேன். ஒங்க அத்தைக்கு என்ன பதில் சொல்லுவேன்" என்றாள்.

மறுநாள் வெள்ளம் வடிந்து அத்தையும் பெரிய அத்தானும் வந்தார்கள். அத்தை பிள்ளையைத் தூக்கி முகத்தோடு வைத்துக்கொண்டு அழுத அழுகையைப் பார்த்திருந்தால் நீங்களும் அழுதிருப்பீர்கள். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் குப்பியைத் திறந்து, பெரிய அத்தான் கையால் தேனைத் தொட்டு வைக்கச் சொன்னார்கள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்கள்: "ஏட்டி, சேனை வச்சது பெரியவன் சண்முகையாதான். பொம்பளப் பிள்ள. நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போகணும்லா." இசக்கித்தாய்க்கு ஒரு புதுச்சேலையும் ஒரு பெட்டி சோளமும் கொல்லைவாசல் வழியாகவே போயின. அவள் வாங்கிக்கொண்டாள். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அத்தை சொன்ன கதைதான் இப்போது ஊர்க்கதை. கெங்கம்மாள் மதினி வருகிறார்கள், பிள்ளையைக் கொஞ்சுகிறார்கள், வாயைத் திறப்பதில்லை. உசேன் அண்ணாச்சிக்கும் தெரியும். அத்தை கடையில் நின்று சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டு புளியை மடித்துக் கொடுத்தாராம். எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள். இவ்வளவு வேறுபட்ட ஜனமும் இது ஒன்றில் மட்டும் ஒற்றுமையாக இருக்கிறோம்.

அத்தை கெட்டவர்கள் இல்லை, பயப்படுகிறார்கள். இசக்கித்தாய் குணம் பிள்ளைக்கு வந்துவிடுமோ என்று ராத்திரியெல்லாம் முகத்தையே பார்க்கிறார்கள். எனக்கு அந்தக் குணம்தான் வேண்டும். எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது கையை எடுக்காத குணம் யாருக்கு வரும்?

தை பிறந்ததும் பெயர் வைக்கவேண்டும் என்று பேச்சு நடக்கிறது. சேனை வைத்தவர் மடியில் பிள்ளையைப் போட்டு, அவர் வாயால் முதலில் பெயர் சொல்வதுதான் நம் வீட்டு வழக்கம். பெரிய அத்தான் மடியில் என்று முடிவு செய்திருக்கிறார்கள். கீழத்தெருக்காரி நடுவீட்டுக்கு வந்தால் அவர் வரமாட்டாராம். நான் ஒருமுறை வாயெடுத்தேன், அத்தை அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. என் சொல் இந்த வீட்டில் அவ்வளவுதான் போகும். உங்கள் சொல்லை அத்தை தட்டியதில்லை.

எனக்கு எழுதவேண்டாம். அத்தை பேருக்கு எழுதுங்கள். நான் வாசித்தால் பாதியை முழுங்கிவிடுகிறேன் என்று அவர்களுக்குச் சந்தேகம், அதனால் தன் பேருக்கு வருகிறதை உசேன் அண்ணாச்சியிடம் கொடுத்து, கடையில் வைத்துத்தான் உரக்கப் படிக்கச் சொல்லுவார்கள். சாமான் வாங்க வருகிற எல்லாத் தெருவும் அங்கேதான் நிற்கும். பிள்ளையை யார் மடியில் போடவேண்டும் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள், போதும். அண்ணன் மனம் கோணுமே என்று உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். உங்களை இக்கட்டில் மாட்டுகிறேன் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

கோமதியம்மன் உங்களுக்குத் துணை இருக்கட்டும். பிள்ளைக்கு என்ன பெயர் என்று நீங்களே எழுதிவிடுங்கள். அத்தைக்கும் எனக்கும் உங்கள் விருப்பம்தான்.

பெயர் வைக்கிற அன்று யார் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் இசக்கித்தாய் வருவாள். கொல்லைவாசலில் ஓரமாக வந்து நிற்பாள். தன் வாயால் உயிர் கொடுத்த பிள்ளைக்கு என்ன பெயர் என்று அங்கே நின்று காதைக் கொடுத்துக் கேட்கும்படி அவளை விட்டுவிடாதீர்கள் அத்தான்.

உங்கள்,
ஆறுமுகத்தாய்