ஊசிக்கடியில் ஒரு ரவிக்கை

வாடிப்பட்டி
12.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மாவும் நானும் சுகம். போனில் பேசினால் நீங்கள் ‘ம்’ கொட்டுவதோடு சரி. அதனால்தான் கடிதம்.

எம்.ஏ. பரீட்சை முடிந்தது. பழைய ஆங்கில நாவல் ஒன்றில் இடங்களுக்கு என்ன முக்கியத்துவம் என்று கேட்டிருந்தார்கள். தாய் தகப்பன் இல்லாத ஒரு பெண் வீடு வீடாக மாறி வளரும் கதை. அத்தை வீட்டில் ஆத்திரக்காரி, விடுதியில் அரைவயிறாகக் கிடந்து பொறுமைசாலி என்று நாலு பக்கம் எழுதித் தள்ளினேன். பிறகு அவள் ஆசைப்பட்டவனின் மாளிகை வந்தது. மாடியில் ஓர் அறையைப் பூட்டியே வைத்திருப்பான். உள்ளே அவனுடைய முதல் மனைவி. அதற்குமேல் பேனா ஓடவில்லை மாமா.

கப்பலூரில் நம் மாடி அறையும் பூட்டித்தானே கிடக்கிறது? நீங்கள் கம்பெனிக்குப் போனபின், மத்தியானத்தில், உள்ளே தையல் மெஷின் ஓடுகிறது. உங்கள் முதல் சம்சாரம் கனகலட்சுமி அக்கா இறந்து மூன்று வருஷம் ஆகிறது என்று எனக்கும் தெரியும். சிரிக்காதீர்கள். அறையைத் திறந்து மெஷினை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். மறுநாளே வந்துவிடுகிறேன்.

உங்கள்
தாமரை

கப்பலூர்
20.6.2024

அன்பு தாமரைக்கு அழகுபாண்டி எழுதுவது.

எனக்கு எழுத வராது. பிழை இருந்தால் நீயே திருத்திக்கொள். நீ போனதிலிருந்து கடைச் சாப்பாடுதான், வாய்க்கு விளங்கவில்லை.

நான் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் கேட்கிறது. நீ பயந்துவிடுவாய் என்றுதான் சொல்லவில்லை.

நேற்று சாவியோடு மாடிக்குப் போனேன். காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று அவள் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். “இம்புட்டுத்தான், முடிச்சுட்டு வாரேன்”னு சொன்னாள். நான்தான் அவசரப்படுத்திக் கூட்டிப்போனேன். அது இன்னும் ஊசிக்கடியில்தான் இருக்கிறது.

கதவைத் திறந்தால் சத்தம் நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது. இறங்கி வந்துவிட்டேன். நீ வா. போகப் போகப் பழகிவிடும்.

அழகுபாண்டி

வாடிப்பட்டி
2.7.2024

மாமாவுக்கு,

“எப்பத் தாயி கெளம்புற?” என்று அம்மா தினமும் கேட்கிறாள். உங்கள் கடிதத்தை அவளிடம் காட்டவில்லை.

இத்தனை நாளும் சத்தத்துக்குப் பயந்தேன். இப்போது பயம் விட்டுப்போய் அழுகைதான் வருகிறது. மெஷினைக் கொடுத்துவிட்டேன் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் நம்பிக்கொண்டு வந்திருப்பேன் மாமா.

அந்த நாவலில் மாளிகை தீப்பிடித்து எரிந்துவிடும். முதல் மனைவியும் அதில் போய்விடுவாள். அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் அவனிடம் திரும்பிப் போவாள். கதை எழுதியவர் அவளுக்கு ஒரு வழி பண்ணிக் கொடுத்தார். நம் வீட்டுக்கு அப்படியெதுவும் வேண்டாம், அது நன்றாக இருக்கட்டும். அங்கே நீங்கள் இரண்டு பேர் இருக்கிறீர்கள். மூன்றாவது ஆளாக என்னால் இருக்க முடியாது.

என் துணிமணிகளை எடுக்கப் பக்கத்து வீட்டு மருது அண்ணன் வருவார். ஏதோ சண்டை என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருக்கிறேன். நீங்களும் அப்படியே சொல்லிவிடுங்கள்.

தாமரைச்செல்வி