சோபாவுக்குள் சி.ஐ.டி.

பிப்ரவரி 4, புதன்

பல் டாக்டரின் சோபா வந்து இறங்கியது. நோயாளிகள் காத்திருக்கிற சோபா. பயத்தில் பிறாண்டியே கைப்பிடித் துணியை நார் நாராக்கியிருக்கிறார்கள். பல் பிடுங்குகிறவரிடம் போகிறவர்களுக்கு மெத்தை எதற்கு என்று தெரியவில்லை. நமக்கென்ன, தைத்துக் கொடுத்தால் சரி.

சி.ஐ.டி. உடனே ஆஜர். மகள் கல்யாணமாகி விமானம் ஏறும்போது விட்டுப்போன பூனை. பேரும் அவள் வைத்ததுதான். புதுசாக எது வந்தாலும் அதற்கு விசாரித்தாக வேண்டும். கழுத்து மட்டும் முன்னால் நீளும். பின்னங்கால் ஓடத் தயாராக அங்கேயே நிற்கும். மோந்து பார்த்து, கன்னத்தைத் தேய்த்த பிறகுதான் அந்தப் பொருள் வீட்டுக்குள் சேர்ந்த கணக்கு. பழைய ஸ்டூலை ஒரு அடி நகர்த்தி வைத்தாலும் மறுபடி முதலிலிருந்து.

பிப்ரவரி 5, வியாழன்

சோபாவைப் பிரித்தேன். உள்ளே ஒரு கொண்டை ஊசி, பாதிச் சீப்பு, குழந்தையின் ஒற்றைக் காலுறை. இத்தனை வருஷமாக ஊரார் சோபாவைப் பிரிக்கிறேன். யாருடையது என்று ஒருநாளும் யோசித்ததில்லை, கூட்டித் தள்ளிவிடுவேன். சி.ஐ.டி. அந்தக் காலுறைக்கு முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகளிடம் சொல்ல ஒன்று ஆச்சு. அவள் போனில் சாப்பிட்டியா, சாப்பிட்டேன் என்பதோடு பேச்சு தீர்ந்துவிடும். பிறகு பூனை. அது என்ன செய்தது என்று சொல்லிச் சொல்லித்தான் கொஞ்சம் நேரம் ஓடும்.

பிப்ரவரி 7, சனி

சோபாவை எடுக்க வந்த வேன்காரர் வாசலில் நின்று ஹாரன் அடித்தார். அவசரமாக சோபாவின் அடித்துணியை ஸ்டேப்ளர் பின் அடித்து மூடி ஏற்றிவிட்டேன்.

சாயங்காலம் தட்டில் மீன் வைத்தேன். சி.ஐ.டி. வரவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

தெரு முழுக்கத் தேடினேன். சலவைக்கடை அக்கா, “சி.ஐ.டி.ன்னு பேரு வெச்சா சொல்லிட்டாண்ணே போகும்? ரகசிய வேலையா போயிருக்கும்” என்றாள். சிரிக்க முடியவில்லை.

மகள் போன். “சி.ஐ.டி. என்னப்பா பண்ணுது?”

“தூங்குது.”

“இந்நேரத்துலயா?”

“ம்.”

பூனைப் பேச்சும் அதோடு தீர்ந்தது. “சரிப்பா, வெச்சிடவா?” என்றாள். வெச்சிட்டா.

அது வரலைன்னா அடுத்த ஞாயித்துக்கிழம என்னத்தப் பேசுவேன்? அதுக்கடுத்த ஞாயித்துக்கிழம? — எவ்ளோ நாள் தூங்குதுன்னே சொல்றது?

பிப்ரவரி 9, திங்கள்

காலையில் டாக்டர் போன் செய்தார்.

“என்ன மாஸ்டர், சோபா அழுவுது?”

“ஸ்பிரிங் சத்தமா இருக்கும் டாக்டர்.”

“ஸ்பிரிங் மியாவ்னா சொல்லும்? உள்ள நான்தான் யாரையோ அழ வைக்கிறேன்னு நெனச்சு ரெண்டு பேர் எழுந்து போயிட்டாங்க.”

நேற்று க்ளினிக் லீவு. பூட்டிய அறையில், இருட்டில்... நானே பின் அடித்து மூடியிருக்கிறேன்.

கத்தரிக்கோலோடு ஓடினேன். சோபாவைக் கவிழ்த்து அடித்துணியைக் கிழித்ததும் சி.ஐ.டி. தலை நிறையப் பஞ்சோடு வெளியே வந்தது. என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய் டாக்டரின் செருப்பை மோந்தது.

“இந்த நெலமையிலயும் விசாரணைய விடல பாருங்க” என்றார் டாக்டர். கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தவர், “சிரிக்க வைக்காதீங்க சார், உயிர் போகுது” என்று தாடையைப் பிடித்துக்கொண்டார்.

பிப்ரவரி 11, புதன்

பட்டது போதும், இனி சோபா பக்கமே தலை வைக்காது என்று நினைத்தேன். இன்று ஒரு நாற்காலியைப் பிரித்தேன். கழுத்து நீண்டது. பின்னங்கால் நின்றது. பிறகு முழு உடம்பும் உள்ளே.

எலிக்காகத்தான் இந்தப் பாடு என்று இவ்வளவு நாள் இருந்தேன். எலியும் இல்லை, மீனும் இல்லை. தன்னைச் சுற்றி என்ன இருக்கிறது என்று கேட்காமல் ஒரு வீட்டில் இருக்க அதற்குத் தெரியாது.

எனக்கு அப்படி இருக்கத் தெரிகிறதே.

பிப்ரவரி 15, ஞாயிறு

எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொன்னதையும். “அடப்பாவி அப்பா, அதை உள்ள வெச்சா தெச்சே?” என்று திட்டினாள், சிரித்தாள், மறுபடி திட்டினாள். பிறகு வழக்கம்போல, “சரிப்பா, வெச்சிடவா?”

“இரும்மா. உங்க வீட்டு சோபா என்ன கலரு?”

லைன் போய்விட்டது என்றே நினைத்தேன்.

“என்னப்பா திடீர்னு?”

“சும்மாதான். நான் கேட்டதே இல்லையே.”

“சோபாவே இல்லப்பா. தரையிலதான் உக்காந்திருக்கேன். எப்பவும் இங்கதான் உக்காந்து உனக்கு போன் பண்ணுவேன்.”

“எதிர்ல என்ன இருக்கு?”

ஜன்னல் இருக்கிறதாம். வெளியே சுவர்தானாம், வேறு ஒன்றும் தெரியாதாம். பகலில் பேச ஆள் இல்லையாம். அப்புறம் என்னென்னவோ சொன்னாள். கேட்டுக்கொண்டே இருந்தேன். காது சுட்டது. பூனைப் பேச்சு வரவே இல்லை.

மார்ச் 12, வியாழன்

ஒரு ஆள் சாய்ந்து உட்காருகிற அளவில் ஒரு நாற்காலி. ஜன்னல் பக்கம் வைக்க, நீலத் துணி. கால்களைத் தனியாகக் கழற்றி விமானத்தில் அனுப்பலாம் என்று பார்சல்காரர் சொன்னார்.

அடித்துணியை மூடுவதற்கு முன் கையை உள்ளே விட்டு நன்றாகத் துழாவினேன். சி.ஐ.டி. வெளியே என் காலடியில்தான் இருந்தது. பஞ்சில் அதன் முடி மட்டும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

அதைத் தட்டாமல் மூடினேன்.