நோரீனின் மருத்துவ அட்டை விஷயமாக

கானர்ஸ் கோவ்,
நியூஃபவுண்ட்லாந்து.
செப்டம்பர் 22, திங்கட்கிழமை.

அன்பு மகள் நோரீனுக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், நாய்க்குத்தான் காதில் புண். நீயும் மாப்பிள்ளை கிளைடும் மரீனாவும் டெக்லானும், வயிற்றில் இருக்கிற மூன்றாவது உயிரும் அங்கே நார்வேயில் ஸ்டாவாங்கரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ சரிப்பா, பாத்துக்கலாம்ப்பா, அம்மாகிட்ட குடுங்க என்று சொல்லிவிடுகிறாய். மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறாய். கடிதத்தை நடுவில் வெட்ட முடியாது என்பதால் எழுதுகிறேன். உட்கார்ந்து கடைசி வரைக்கும் படி.

பிரசவத்துக்கு இங்கே வருகிறேன் என்கிறாயே, இலவச வைத்தியத்துக்கான உன் மருத்துவ அட்டையை ரத்து செய்துவிட்டார்கள். உன்னுடையது, கிளைடுடையது, பிள்ளைகளுடையது, நான்கும். மே மாதமே ஆகிவிட்டது, எனக்குத் தெரிந்தது ஆகஸ்டில். அதற்கு முன்னால் வந்த இரண்டு கடிதத்தை நீ சொன்னபடி பிரிக்காமல் மேஜை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தேன், கிறிஸ்துமஸுக்கு வந்து பார்ப்பாய் என்று. நீ வரவில்லை, அது மேஜையிலேயே கிடந்தது. மூன்றாவது வந்தபோது தபால் நிலையத்தில் ஃபிலோமினா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அம்புரோஸ், உன் பொண்ணுக்கு அரசாங்கம் மறுபடி எழுதியிருக்கு, இந்தத் தடவை தடியா இருக்கு, நானா இருந்தா பிரிச்சுருவேன் என்றாள். பிரித்தேன். முதல் வருஷம் கிளைடின் எண்ணெய்க் கம்பெனி ஒப்பந்தத்தைக் காட்டி வெளிநாட்டில் இருக்க அனுமதி வாங்கினீர்கள், அது சரி. ஒப்பந்தத்தை நீட்டினார்களே, அப்போது ஒரு தாள் அனுப்பினாயா? மறுபடி நீட்டினார்களே, அப்போதாவது? ஒரு தாள் நோரீன். முகவரிக்குக் கீழே ஒரு கையெழுத்து. மீன்பிடி உரிமத்துக்கு நான் வருஷா வருஷம் இதைவிட அதிகம் எழுதுகிறேன்.

அதற்கப்புறம் நான் செய்ததைச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. கிளைடுக்குப் போன் போட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா, அதுக்கெல்லாம் பயப்படாதீங்க மாமா, எங்க வீட்ல விளக்கைப் போட்டு வைங்க, எங்க வண்டியை வாரம் ஒரு தடவை ஓட்டுங்க, யாராவது கூப்பிட்டா நாங்க இங்கதான் இருக்கோம்னு சொல்லுங்க என்றார். வண்டியை ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருந்தேன். விளக்கையும் போட்டேன். உங்கள் வீட்டில் யாரோ திருட வந்திருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரன் கையில் துடுப்போடு போய் நின்றது தனிக்கதை. மறு வாரமே மருத்துவ அட்டை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள், இவான் பைக் என்று பெயர் சொன்னாள், மரியாதையான குரல். நோரீன் குடும்பம் இருக்கா ஐயா என்றாள். இருக்காங்க, இப்பத்தான் பழம் பறிக்க மலைக்குப் போனாங்க என்றேன். அறுபத்தெட்டு வயதில் இப்படி ஒரு பொய். சரி ஐயா, பிள்ளைங்க எந்தப் பள்ளிக்கூடம் என்றாள். எனக்குத் தெரிந்த ஒரே பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னேன். அதை மூடி நாலு வருஷம் ஆச்சே ஐயா என்றாள். நான் போனை வைத்துவிட்டேன். ஞாயிறு கோயிலில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது இந்தப் பொய்யையும் சொன்னேன், அவரும் எந்தப் பள்ளிக்கூடம் என்றுதான் முதலில் கேட்டார்.

பொய்யோடு உட்கார்ந்திருக்க முடியாமல் புதன்கிழமை விடிந்ததும் கிளம்பி மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி அந்த அலுவலகத்துக்கே போனேன். வழியில் மூடுபனி, காட்டு மான் ஒன்று நடுரோட்டில் குதிரை உயரத்துக்கு நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது, அது நகர்கிற வரைக்கும் நானும் காத்திருந்தேன். உங்கள் வீட்டு மின்சார பில், வண்டியின் காப்பீடு, உன் பெயரில் நான் கோயிலுக்குக் கட்டுகிற காணிக்கைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். முறை வந்ததும் ஜன்னலுக்கு முன்னால் போய் உன் பெயரைச் சொன்னேன். உள்ளே இருந்தவள் போனில் பேசிய அதே இவான்தான், தலையைத் தூக்கி, நீங்கதானே மூடின பள்ளிக்கூடத்துக்குப் பேரப்பிள்ளைங்களை அனுப்புற ஐயா என்றாள். ஆமாம் என்றேன், வேறென்ன சொல்ல. நல்ல பெண் அவள், கோபப்படவில்லை, நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். டப்பாவில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அடுக்கி வைத்தாள். வீடு இங்க இருக்கு, வண்டி இங்க இருக்கு, விளக்குகூட எரியுது ஐயா, ஆளு எங்க என்று கேட்டாள். அதற்கு என்னிடம் சீட்டு இல்லை.

பிறகு நிதானமாகச் சொன்னாள், நான் இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன், அதனால் இது சரியாக இருக்கும். நீங்கள் வாழ்வதற்காகத் திரும்பி வந்தால், கிளைடின் வேலை முடிந்த கடிதமும் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்த சீட்டும் காட்டினால், வந்து இறங்கிய நாளிலிருந்தே அட்டை செல்லும். பிரசவம் பார்த்துக்கொண்டு மறுபடி நார்வேக்குப் போவதாக இருந்தால் செல்லாது, ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் உங்கள் தலையில். பிள்ளைகளுக்கு வந்த மாத உதவித்தொகை வேறு அலுவலகம், ஆனால் அங்கேயும் கேள்வி இதேதான், எங்கே வாழ்கிறீர்கள். அங்க அவங்களுக்கு எல்லாம் இலவசம்தானே, பேசாம அங்கேயே பெத்துக்கலாமே, ஏன் இவ்வளவு தூரம் வராங்க என்று அவள் கேட்டாள். டெக்லான் பிறந்தபோது உனக்கு ரத்தம் நிற்காமல் போனதையும், கிளாரன்வில் ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் டாக்டர் விடிய விடிய உன்னை விட்டு நகராததையும், அவர் கை இல்லாமல் பெற மாட்டேன் என்று நீ அழுததையும் சொன்னேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். சட்டம் மாறவில்லை, ஆனால் கேட்டாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னால் அவள் கையில் தூரிகை. உன் பழைய அறைக்கு மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தாள், தொட்டில் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, வாழ வரேன்னு எழுதச் சொல்லுங்க, பெத்ததுக்கப்புறம் போனா யாரு வந்து பாக்கப் போறாங்க என்றாள். ஒருத்தன் பொய் சொன்னது போதும் என்றேன். உங்க உண்மையை வெச்சு அவளுக்கு ரத்தம் நிக்குமா என்றாள். அன்றிலிருந்து நாங்கள் பேசிக்கொள்வது நாயின் காதுக்கு மருந்து போட்டாயிற்றா என்பது மட்டும்தான்.

எனக்குக் கோபம் அட்டைக்காக இல்லை மகளே, அதைப் புரிந்துகொள். ஒரு வருஷம் என்று போனீர்கள், நான் நம்பினேன். இரண்டாவது வருஷம், சம்பளம் நல்லது என்றீர்கள், அதுவும் நியாயம், இங்கே வேலை எங்கே இருக்கிறது. ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று இருக்கிறீர்களே, அதுதான் தாங்கவில்லை. பல் மருத்துவர் அங்கே, பள்ளிக்கூடம் அங்கே, வங்கிக் கணக்கு அங்கே. இங்கே இருப்பது ஒரு விளக்கும் அதைப் போடுவதற்கு ஒரு கிழவனும். போன மாதம் டெக்லான் என்னிடம் போனில் மீன் பிடித்த கதை சொன்னான், டொர்ஸ்க் டொர்ஸ்க் என்கிறான், என்னடா அது என்றால் தாத்தா உங்களுக்கு டொர்ஸ்க் தெரியாதா என்று கேலி செய்கிறான். மரீனா போனை வாங்கிச் சொன்ன பிறகுதான் தெரிந்தது, நான் நாற்பது வருஷம் பிடித்த காட் மீனைத்தான் நார்வே மொழியில் சொல்கிறான். அன்றைக்குச் சிரித்தேன். இப்போது நினைத்தால், அவன் வாழ்கிற இடம் எது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது, உனக்கும் கிளைடுக்கும்தான் தெரியவில்லை.

இதனுடன் விண்ணப்பத்தாள் வைத்திருக்கிறேன். பெயர், பிறந்த தேதி, பழைய அட்டை எண் எல்லாம் நானே நிரப்பிவிட்டேன். ஏழாவது கேள்வி மட்டும் பாக்கி, இங்கே நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்தோடு திரும்புகிறீர்களா, ஆம், இல்லை. அதை நீங்க போடக் கூடாது ஐயா, அவங்களேதான் போடணும் என்று இவான் சொன்னாள். பொதுவா எல்லாரும் என்ன போடுவாங்க என்று கேட்டேன். எல்லாரும் ஆம்தான் போடுறாங்க, பாதிப் பேர் நெசமாப் போடுறாங்க என்றாள். இல்லை என்று போட்டால் அந்தக் கிளாரன்வில் டாக்டரிடம் உன் பழைய குறிப்பையெல்லாம் வாங்கி அங்கே உள்ள டாக்டருக்கு அனுப்ப நானே போகிறேன், உன் கையெழுத்துப் போட்ட ஒரு சீட்டு மட்டும் அனுப்பு. அம்மாவை நவம்பரில் விமானம் ஏற்றி உன்னிடம் அனுப்பவும் தயார், அவளுக்குப் பயம்தான், ஆனால் போவாள். எட்டாவது மாதத்துக்கு மேல் உன்னை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், அதனால் அக்டோபர் பத்துக்குள் உன் பதில் எனக்குத் தெரிய வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. ஈரத் தரையில் மெல்ல நட. கிளைடிடம் சொல், இனிமேல் விளக்கைப் போடப் போவதில்லை, இன்றைக்கே அணைத்துவிட்டேன்.

பிள்ளைகள் இருவருக்கும் என் முத்தம், பிறக்கப் போகிற குழந்தைக்கும் உனக்கும் புனித அன்னம்மாள் துணையிருக்கட்டும். ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏழாவது கேள்வியில் ஆம் என்ற கட்டத்துக்குள் பென்சிலில் ஒரு கோடு போட்டு அழித்த தடம் தெரியும். அம்மா என்று நினைத்துவிடாதே, அது நான்தான். அதைப் பார்க்காத மாதிரி நினைத்துக்கொண்டு உன் பதிலைப் போடு.

உன் மேல் கோபமாக இருக்கிற,
அப்பா,
அம்புரோஸ் ஃபர்லாங்.