நட்சத்திரம் இல்லாத கேள்வி

ஜனவரி 8

குட்டாப்பீ, இன்றைக்கு எம்.எல்.ஏ. வீட்டுக்கு வந்தார். தாமோதரன் வக்கீல். "ஓட்டு கேட்க மட்டும் மீசை முறுக்கிக்கிட்டு வருவான்" என்று நீ சொல்வாயே, அவரேதான். வந்தவர் நேரே உன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பால் விடாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தேன்.

"நடந்ததை நடந்தபடி சொல்லுங்கம்மா" என்றார்.

சொன்னேன். போன அக்டோபர், துலா மாதத்திலிருந்து எத்தனை பேரிடம் சொல்லியாயிற்று. என் பிள்ளை ஷைஜு, என் குட்டாப்பி, விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போனான். விரியன் கடித்தது. துண்டைக் காலில் கட்டிக்கொண்டு அவனே நடந்து வந்தான். ஜீப் பிடித்து நேரே தாலுகா ஆஸ்பத்திரி. அங்கே விஷமுறிவு மருந்து இல்லை. மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு போ என்று ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். அது அடுத்த மாவட்டம். போய்ச் சேரும்போது அவன் இல்லை.

"சட்டசபையில கேள்வி போடுறேன். கேட்டா மந்திரி பதில் சொல்லியே ஆகணும். அது அவரு இஷ்டம் இல்ல" என்றார். கூட வந்த சுனில் எழுதிக்கொண்டான். வக்கீலின் உதவியாள், நல்ல பிள்ளைதான்.

"உங்களுக்கு என்ன வேணும்மா?"

"காசு வேண்டாம் சாரே. மருந்து இல்லாம போயிட்டான்னு அரசாங்கம் ஒரு வரி சொல்லணும். நான் விஷவைத்தியர் வீட்டுக்குக் கொண்டுபோய் நேரத்தைக் கடத்திட்டேன்னு இங்க பேசுறாங்க. பெத்தவளே கொன்னுட்டான்னு பேசுறாங்க."

உன் அச்சன் கதவுக்குப் பின்னால் நின்றார். வெளியே வரவில்லை.

ஜனவரி 9

நாற்காலியை உள் அறைக்குள் எடுத்து வைத்துவிட்டேன்.

ஜனவரி 21

இன்றைக்குக் கேள்வி நாள். காலையிலேயே அக்கம்பக்கத்தார் டி.வி. முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ரமணி வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். பக்கத்து வீட்டுக்காரியாயிற்றே, விஷவைத்தியர் கதையைப் பரப்பியதும் அவள்தான். வரட்டும், காதால் கேட்கட்டும் என்றே கூப்பிட்டேன். மரவள்ளிக் கப்பை வேகவைத்து மீன்கறியும் வைத்தேன், பதினைந்து பேர் சாப்பிட்டார்கள்.

முதலில் தேங்காய் விலை. பிறகு ஏதோ துறைமுகம். நடுவில் நம் வக்கீல் ஒரு நொடி தெரிந்தார், காது குடைந்துகொண்டிருந்தார். "தயாராகுறாரு" என்றாள் ரமணி. பிறகு ஏதோ சண்டை, எல்லோரும் எழுந்து கத்தினார்கள். கேள்வி நேரம் முடிந்தது என்றார்கள்.

அவ்வளவுதான்.

"சேச்சி, கேபிள்காரன் நம்ம இடம் வரும்போது கட் பண்ணிட்டானோ?" என்றாள் ரமணி.

சுனிலுக்குப் போன் போட்டேன். "சேச்சி, நம்ம கேள்வி நட்சத்திரக் குறி இல்லாதது. குறி போட்டதுக்குத்தான் மந்திரி எழுந்து நின்னு வாயால சொல்லுவாரு. மத்ததுக்கு எழுதி மேசையில வெச்சிடுவாங்க. அது டி.வி.ல வராது."

"ஏன் குறி போடல?"

"குலுக்கல்ல விழல சேச்சி."

எல்லோரும் கை கழுவிவிட்டுப் போனார்கள். போகும்போது ரமணி, "கப்பைக்கு மீன்கறி நல்லா இருந்துச்சு" என்றாள். சாவு வீட்டில் சொல்வதுபோல மெல்லச் சொன்னாள்.

ஜனவரி 27

பதில் வந்துவிட்டது. சுனில் கொண்டுவந்தான். நாலாங்கிளாஸ் படிப்பு எனக்கு, எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். அதனால் மனப்பாடமாகிவிட்டது.

(அ) கடந்த ஓராண்டில் தாலுகா ஆஸ்பத்திரியில் பாம்பு கடித்து மருந்து இல்லாமல் இறந்தவர்கள் எத்தனை பேர்? – யாரும் இல்லை.

(ஆ) அவர்களின் பெயர்கள்? – கேள்வி எழவில்லை.

(இ) பொறுப்பானவர்கள்மீது என்ன நடவடிக்கை? – கேள்வி எழவில்லை.

(ஈ) இனி இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்யப்படுகிறது? – நாட்டு வைத்தியரிடம் சென்று காலம் தாழ்த்தி வருவதே இத்தகைய மரணங்களுக்கு முக்கியக் காரணம். மக்களுக்கு விழிப்புணர்வு ஊட்டப்படும்.

கேள்வி எழவில்லை என்றால் என்ன? கேட்டிருக்கிறதே! ஒரு எம்.எல்.ஏ. கேட்டு, அச்சடித்து, நம்பர் போட்டு, அதே காகிதத்திலேயே கேள்வி எழவில்லை என்கிறார்கள்.

"முதல் வரிக்கு இல்லைன்னு சொல்லிட்டா மத்ததுக்குப் பதில் சொல்ல வேண்டாம் சேச்சி. அது வழக்கம்."

"பச்சப் பொய்யில்லையா இது?"

சுனில் தலையைச் சொறிந்தான். "பொய் இல்ல. அதுதான் அவங்க சாமர்த்தியம். ஆஸ்பத்திரியில எத்தனை பேருன்னு கேட்டிருக்கோம். ஷைஜு ஆஸ்பத்திரியில சாகலையே. வண்டியிலதானே..."

"ஆஸ்பத்திரியிலன்னு யாரு எழுதினா?"

"நான்தான் சேச்சி."

சாயா ஆறிப்போயிற்று. குடிக்காமலே போனான் பாவம். பாவமா? எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 3

விழிப்புணர்வு ஊட்டிவிட்டார்கள். நான் துணி துவைக்க ஆற்றுக்குப் போயிருந்த நேரம், சுகாதாரத் துறையிலிருந்து இரண்டு பேர் வந்து நம் கேட்டில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பாம்பு படம். கீழே பெரிய எழுத்தில்: நாட்டு வைத்தியரிடம் போகாதீர்! நேரம் உயிர் காக்கும்!

உன் அச்சன் ரோடு முழுக்க நடந்து பார்த்துவிட்டு வந்தார். "எடி சௌதா, வேற எந்த வீட்டுலயும் இல்லடி. நம்ம கேட்டுல மட்டும்தான்."

தண்ணீர் ஊற்றி ஊற்றிச் சுரண்டினார். பாம்பின் வால் மட்டும் போகவில்லை.

பிப்ரவரி 7

இரண்டாவது கேள்வி. இந்தத் தடவை சுனிலை உட்காரவைத்து மூன்று முறை படிக்கச் சொன்னேன். வழியில் இறந்தவர்கள் எத்தனை பேர், அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரியில் மருந்து எத்தனை குப்பி இருந்தது. பிடி கொடுக்காமல் ஓட இடமில்லை என்றான். அவர்கள் ஓட வேண்டியதில்லை, உட்கார்ந்த இடத்தில் இருந்தே தப்பிப்பார்கள் என்றார் உன் அச்சன். இந்த மனுஷனுக்கு எப்பவும் அபசகுனம்தான்.

பிப்ரவரி 20

பதில்: "தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது."

எங்கிருந்து சேகரிக்கிறார்கள்? என்னிடம் யாரும் வரவில்லையே.

மார்ச் 2

தேர்தல் அறிவித்துவிட்டார்கள். சபை முடிந்தது. சபை போனால் பதில் வராத கேள்வியும் கூடவே போய்விடுமாம். சுனில் சொன்னான்.

மனுஷன் செத்தால் அவன் கேட்ட கேள்விகள் இங்கேயேதான் கிடக்கின்றன. "அம்மே, ஆம்புலன்ஸ்ல ஏன் ஏத்துறாங்க, இங்கயே ஊசி போட மாட்டாங்களா?" என்று நீ கேட்டாயே. அதுவும் போய்விட்டதா?

மார்ச் 29

வக்கீலின் கூட்டம். என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். "போகாதேடி, நம்ம பிள்ளையைச் சந்தையில வெக்கிற மாதிரி" என்றார் உன் அச்சன். போனேன். நமக்காகக் கேட்ட ஒரே ஆள் அவர்தானே.

அந்தக் காகிதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வக்கீல் பேசினார். "ஒரு தாய் கேக்குறா, என் பிள்ளை எப்படிச் செத்தான்னு. மந்திரி என்ன சொல்றாரு? தகவல் சேகரிக்கிறாராம்! என்ன, தேன் சேகரிக்கிறாரா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கைதட்டினார்கள்.

நானும் சிரிச்சுட்டேன் குட்டாப்பீ. ஒரு நொடிதான். ஜனங்க சிரிக்கிறப்ப வாய் தானா விரிஞ்சு போச்சு. வீட்டுக்கு வந்து வாயிலேயே அடிச்சுக்கிட்டேன்.

மே 14

வக்கீல் ஜெயித்துவிட்டார். அவர்கள் ஆட்சி.

மே 23

நம் தாமோதரன் வக்கீல்தான் சுகாதார மந்திரி!

பருப்புப் பாயசம் வைத்தேன், அக்டோபருக்குப் பிறகு முதல் தடவை. ரமணி வீட்டுக்கும் கொடுத்தனுப்பினேன். இனி யாரையும் கேட்க வேண்டாம். எழுதுகிற கை நம் கை. ஒரு வரிதானே.

உன் அச்சன்கூட ஒரு கரண்டி குடித்தார்.

ஜூன் 19

சுனில் போனை எடுக்கவில்லை. இது எத்தனையாவது தடவையோ.

ஜூலை 2

திருவனந்தபுரம் போய் வந்தோம். மந்திரி வராந்தாவில் நடந்துகொண்டே பேசினார். மீசையை ஒதுக்கிவிட்டிருக்கிறார், ஆளே வேறு மாதிரி. ஆனால் என்னைக் கண்டதும் நின்றார், அதைச் சொல்ல வேண்டும். கையைக்கூடப் பிடித்தார்.

"அம்மா, நான் மறக்கல. ஆனா மந்திரி தனக்குத்தானே கேள்வி போட முடியாது. எங்க கட்சிக்காரங்களும் போட மாட்டாங்க. எதிர்க்கட்சியில யாராவது போட்டா, நான் பதில் சொல்லியே ஆகணும்."

"அது உங்க இஷ்டம் இல்ல" என்றேன்.

"ஆமாமா, என் இஷ்டம் இல்ல" என்று சிரித்தார். எங்கே கேட்ட வார்த்தை என்று அவருக்கு ஞாபகம் இல்லை.

பஸ்ஸில் கொல்லம் தாண்டும்போது உன் அச்சன், "கேக்குறவனும் அவனே, பதில் சொல்றவனும் அவனே. நடுவுல நாம எதுக்குடி அலையுறோம்?" என்றார்.

ஜூலை 6

பக்கத்துத் தொகுதி எம்.எல்.ஏ. சுபைதா டீச்சரைப் போய்ப் பார்த்தேன். ஜனவரியில் ஆளுங்கட்சி, இப்போது எதிர்க்கட்சி. பழைய மந்திரியின் ஆள். அந்தப் பதில் எழுதியபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள் டீச்சரே என்று கேட்க நாக்கு வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

டீச்சருக்கு ஒரே சந்தோஷம். "அவரு கேட்ட அதே கேள்விகளை, ஒரு வார்த்தை மாத்தாம, அவருகிட்டயே கேக்கப்போறேன்! சபையில இதைவிட வேடிக்கை உண்டா?"

அவர்களுக்கு வேடிக்கை. எனக்கு வேண்டியது ஒரு வரி. யார் கையால் வந்தால் என்ன?

ஜூலை 30

பதில் வந்தது. கீழே பெயர்: தாமோதரன்.

தாலுகா ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்படும்போது நோயாளி உயிரோடு இருந்தார். மெடிக்கல் காலேஜ் சேருமுன் இறந்துவிட்டார். ஆகவே இரண்டு இடத்துக் கணக்கிலும் இந்த மரணம் வராது. வழியில் மணிப்புழைப் பாலம் இரண்டு மாவட்டங்களுக்கும் எல்லை. மரணம் எந்த மாவட்டத்தில் நிகழ்ந்தது என்பதற்குப் பதிவு இல்லை. ஆகையால் மருந்து இருப்பு பற்றிய கேள்வி எழவில்லை.

கடைசியில்: நாட்டு வைத்தியரிடம் சென்று காலம் தாழ்த்தி வருவதே இத்தகைய மரணங்களுக்கு முக்கியக் காரணம். மக்களுக்கு விழிப்புணர்வு ஊட்டப்படும்.

ஒரு எழுத்து மாறவில்லை. நம் வீட்டு சாயாவைக் குடித்துவிட்டு, உன் நாற்காலியில் உட்கார்ந்து, என் வாயாலேயே நடந்ததைக் கேட்டவர்.

ஜூலை 31

டீச்சர் பேப்பருக்குப் பேட்டி கொடுத்திருக்கிறார். அவர் படம் பெரிதாக. உன் பெயரை ஷிஜு என்று போட்டிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 5

சுனில் அவனாகவே கூப்பிட்டான்.

"சேச்சி, கோவிச்சுக்காதீங்க. பதிலை மந்திரி எழுதுறதில்ல. ஆபீஸ்ல எழுதிக் கொண்டுவருவாங்க, பழைய பதிலைப் பார்த்து. சார் கையெழுத்துதான் போடுவாரு."

"படிச்சுப் பார்த்துப் போட்டாரா, படிக்காம போட்டாரா?"

அவன் பேச்சை மாற்றினான்.

"சேச்சி, ஒரு வழி இருக்கு. ஆம்புலன்ஸ்ல பின்னாடி நீங்க மட்டும்தானே இருந்தீங்க? பாலத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமான்னு நீங்க எழுதிக் குடுங்க. இந்தப் பக்கம்னா நம்ம மாவட்டக் கணக்குல ஏத்திடலாம். அப்புறம் மருந்து விஷயம் தானா வரும்."

உன்னைக் கணக்கில் ஏற்ற நான் சொன்னால் போதுமாம். தகவல் சேகரிக்க ஒருவழியாக என்னிடம் வந்துவிட்டார்கள்.

"இந்தப் பக்கம்னு எழுதிக் குடுத்துடு, முடிஞ்சது" என்றார் உன் அச்சன். "அவங்க சொல்லாத பொய்யா?"

ஆகஸ்ட் 9

எழுதவில்லை. உட்கார்ந்தேன், எழுத வரவில்லை.

ஆகஸ்ட் 12

மந்திரியிடமிருந்து ஓண வாழ்த்து அட்டை வந்திருக்கிறது, இத்தனை முன்கூட்டியே. வாசலில் போடும் பூக்களம் படம். அடியில் அச்சடித்த கையெழுத்து.

ஆகஸ்ட் 16

இன்றைக்கு நானும் உன் அச்சனும் பஸ் ஏறி மணிப்புழைப் பாலத்துக்குப் போனோம். இந்தக் கரையில் நம் மாவட்டம் என்று பலகை. அந்தக் கரையில் அடுத்த மாவட்டம் என்று பலகை. நடுவில் நூறடிகூட இல்லை. கீழே கலங்கல் தண்ணீர், அது எந்த மாவட்டமோ.

உன் அச்சன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இங்கயாடி?" என்று கேட்டார். இத்தனை மாதத்தில் அன்றைய நாளைப் பற்றி அவர் என்னைக் கேட்டது இதுதான்.

எனக்குத் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான். "அம்மே, தூக்கம் வருது" என்றாய். "தூங்குடா, இப்ப போயிடலாம்" என்றேன். தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். வலியில் துடித்த பிள்ளை தூங்குகிறானே என்று நிம்மதியாக இருந்தது எனக்கு. பாலத்தில் இரும்புத் தகடு போட்டிருக்கிறார்கள், வண்டி ஏறியதும் தடதடவென்று ஒரே சத்தம். நீ விழித்துவிடக் கூடாதே என்று உன் காதைப் பொத்தினேன்.

இன்றைக்கு ஒரு லாரி போனபோதும் அதே சத்தம். உன் அச்சன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சுனில் கேட்ட காகிதத்தை எடுத்து வைத்திருக்கிறேன். அவர்களைப் போல எழுத எனக்கு வராது. தெரியாததைத் தெரியும் என்று என் கையால் எழுதினால், ரமணி சொன்னதும் நான் சொல்வதும் ஒன்றுதான். உனக்குத்தான் தெரியும். நீ சொன்னால் எழுதுகிறேன்.

குட்டாப்பீ, நான் காதைப் பொத்தினேனே, அந்தத் தடதடப்பு உனக்குக் கேட்டுச்சாடா மோனே?