கேட்காமல் உழுத நிலம்

அன்புள்ள மகன் முரளிதரனுக்கு,

அம்மா எழுதுவது. தணிகை முருகன் புண்ணியத்தில் நானும் உன் நைனாவும் உடம்புக்கு நலமாகத்தான் இருக்கிறோம், நீயும் அந்த மஸ்கட் வெயிலில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். என் கண் நன்றாகத் தெரிகிறது, சொட்டு மருந்து இன்னும் பத்து நாள் விடச் சொல்லியிருக்கிறார்கள். செவலைப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன் குரலைக் கேட்டால் எனக்குக் கோபம் இறங்கிவிடுகிறது, இந்த ஒரு விஷயத்தில் அது இறங்கக் கூடாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு மெட்ராஸில் உன் சித்தி வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டுக் கனகம்மாசத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக மேட்டு நிலத்துக்குப் போனேன். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் வேறு யார் நிலத்திலோ நிற்கிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன். ஐந்து வருஷமாகக் கலப்பை படாத ஒண்ணரை ஏக்கர், வைக்கோலும் காராமணிக் கொடியும் போர்த்திக் கிடந்த நிலம், வரப்பிலிருந்து வரப்பு வரை ரோட்டவேட்டர் ஓட்டி மாவாகக் கிடந்தது. இறங்கி நடந்தேன், கணுக்கால் வரை புழுதி. குனியக் கூடாது என்று டாக்டர் சொன்னதை மறந்து கையால் கிளறிப் பார்த்தேன், ஒரு மண்புழுகூட இல்லை. டிராக்டர் ஓட்டுகிற கஜபதியைத் தேடிப் போய்க் கேட்டேன். "எனக்கு இன்னாக்கா தெரியும், முரளிதான் போன் பண்ணி, அம்மா வர்றதுக்குள்ள ஓட்டிடுண்ணான்னு சொன்னான், அவன் நைனாவும் கூடவே நின்னுகினு இருந்தாரு" என்றான். அதோடு விடாமல், "ஓட்டும்போது கொக்கு கூட்டமா பின்னாலயே வந்துகினு இருந்துச்சுக்கா, அவ்ளோ புழு, வேற யார் நெலத்துலயும் நான் இப்படிப் பாத்ததே இல்ல" என்றான். பாவம், அவன் என்னைப் பெருமைப்படுத்துவதாக நினைத்துத்தான் சொன்னான், எனக்கோ ஐந்து வருஷம் வளர்த்த புழுவெல்லாம் கொக்கு வயிற்றுக்குப் போனதுதான் புரிந்தது. உன் நைனாவைக் கேட்டால், "பொண்ணு வூட்டுக்காரங்க பாக்க வராங்க, குப்ப மாதிரி கெடந்தா நல்லாவா இருக்கும், அவன்தான் சொன்னான், நான் ஆங், சரின்னேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கொரோனா சமயத்தில் இங்கே வந்து மாட்டிக்கொண்டபோது போனில் ஒவ்வொரு வீடியோவாகக் காட்டி, "மண்ணக் கிண்டாதம்மா, மூடி வையி, அது தானா சரியாவும்" என்று சொன்னவன் நீ. முதல் வருஷம் கேழ்வரகு பாதிகூட வரவில்லை. கமலாவுக்கு வேலை செய்ய நோவுது, நிலத்தைக் காடாக விட்டுவிட்டாள் என்று ஊரில் சிரித்தார்கள், உன் நைனா ஆறு மாதம் அந்தப் பக்கமே வரவில்லை. நான் ஒருத்தி களைக்கொத்தால் குழி போட்டு விதைத்து, மற்றவர்கள் கொளுத்துகிற வைக்கோலையும் கரும்புச் சோகையையும் தலையில் சுமந்து வந்து பரப்பினேன். கேட்டவர்களுக்கெல்லாம் என் மகன் சொல்லியிருக்கிறான் என்றுதான் பதில் சொன்னேன். மூன்றாம் வருஷத்திலிருந்து பெய்த மழை வரப்பைத் தாண்டாமல் அங்கேயே இறங்கியது, போன சித்திரையில்கூட வைக்கோலை விலக்கினால் மண் ஈரமாக இருந்தது, போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேனே. ஆபரேஷன் ஆன அன்றைக்குக் கண்ணில் கட்டோடு படுத்திருந்த என்னிடம் போனில், "நெலத்தப் பத்தி கவலப்படாதம்மா, நான் பாத்துக்கறேன்" என்றாய். அன்று காலையில்தான் ஓட்டியிருக்கிறார்கள். ஊரார் பேசியதெல்லாம் எனக்கு ஒன்றுமே இல்லை, நீ சொன்ன அந்த வார்த்தைதான் அறுக்கிறது.

நான் வந்த நாலாம் நாள் நல்ல மழை. தண்ணீர் காவி நிறத்தில் வழிந்து ஓடைக்குப் போனதைக் குடை பிடித்து நின்று பார்த்தேன், மறுநாள் வெயிலுக்கு மேல்மண் அப்பளம் போலக் காய்ந்து வெடித்தது. ஆவணி பிறந்ததும் மணவூரிலிருந்து பெண் வீட்டார் வந்தார்கள். உனக்குப் பார்த்திருக்கிற புவனாவின் அப்பா துளசிங்கம் வரப்பில் நின்று, "நெலம் சுத்தமா வெச்சிருக்கீங்க" என்றார், உன் நைனா சிரித்தார், நான் முன்னால் வீட்டுக்கு நடந்தேன். அவர்களுக்கு எல்லாம் பிடித்திருக்கிறதாம். ஆனால் காபி போடும்போது அந்தப் பெண் தானாக உள்ளே வந்து டம்ளர் கழுவிக்கொடுத்து, "ஏன் அத்த ஒரு மாதிரி இருக்கீங்க, எங்களப் புடிக்கலியா" என்று கேட்டாள். அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உங்களுக்குக் காட்டுவதற்காக என் மகன் எனக்குத் தெரியாமல் உழவைத்துவிட்டான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த டம்ளரைத் துடைத்து வைத்தாள். "நான் அவரையே கேக்கறேன் அத்த" என்றாள்.

சொன்னது தப்பு என்று உன் நைனா இரண்டு நாளாகச் சாப்பாட்டுக்கு மட்டும்தான் என் முகம் பார்க்கிறார். நான் வைக்கோல் பரப்பிக்கொண்டிருக்கிறேன், கொள்ளு விதைத்திருக்கிறேன், திரும்ப மூன்று வருஷமோ நாலு வருஷமோ ஆகட்டும். என் வாயால் சொல்லாமல் அந்த நிலத்தில் டிராக்டர் இறங்கக் கூடாது என்று கஜபதியிடம் சொல்லிவிட்டேன், உனக்கும் அதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை புவனா உனக்குப் போன் செய்வாள். நைனா மேலோ கஜபதி மேலோ பழியைப் போடாமல் நடந்ததை நடந்தபடி சொல். அவள் வேண்டாம் என்றால் என்னைக் கோபித்துக்கொள், நான் தாங்கிக்கொள்வேன். இனி உன் பேச்சை எப்படி நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை, அவளாவது உன்னை நம்பி வரட்டும்.

நோய் நொடி இல்லாமல், நல்ல பேரோடு நீ நீண்ட நாள் வாழ வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. ஞாயிற்றுக்கிழமை போனை அணைத்து வைக்காதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
கோ. கமலா