அறைக்கு ஒருத்தர்

செப்டம்பர் 3, புதன்

மாமாவின் கட்டிலை நகர்த்திவிட்டுச் சுவரைத் துடைத்தேன். போன மாதம் துடைத்த அதே இடத்தில் பூஞ்சை மறுபடி கருகருவென்று படர்ந்திருக்கிறது. "விடும்மா, அதுவும் நம்மளோட வாடகைக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்றார். சொல்லிச் சிரித்து முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தபோது தண்டவாளத்தோரமாகவே நடந்து ஊர் தாண்டிய மனுஷர். இப்போது மாடிப்படியில் பாதியில் நின்றுவிடுகிறார். இந்த ஈர வீட்டிலிருந்து என் மாமனாரை எப்படியாவது வெளியே கொண்டுபோய்விட வேண்டும். புது வீடே அதற்குத்தானே.

கூரை முடிந்துவிட்டது. இனி இந்தக் குளிர் நாட்டில் வீட்டைச் சூடாக்க எது, காற்றோட்டத்துக்கு எது என்று கான்ட்ராக்டரிடம் சொல்லியாக வேண்டும். ஹீட் பம்பில் இரண்டு வகையாம். வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுப்பது ஒன்று, மண்ணைத் துளைத்து அடியிலிருந்து எடுப்பது இன்னொன்று. என் வீட்டுக்காரர் இவரிடம் கேட்டேன்.

"உன் இஷ்டம்."

காற்றோட்டத்துக்கு?

"அதுவும் உன் இஷ்டந்தான்."

தரை டைல்ஸ் நிறத்துக்காக என்னோடு ஒரு வாரம் மல்லுக்கு நின்றவர். சண்டை போட்டாலாவது தேவலை.

செப்டம்பர் 6, சனி

காற்றோட்ட டிசைன் போடுகிற பொறியாளர் அம்மா வந்திருந்தாள். சிமெண்ட் மூட்டைமேல் வரைபடத்தை விரித்து, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். இந்தக் காலத்து வீட்டில் இண்டு இடுக்கே கிடையாது, அதனால் காற்றை மெஷின்தான் கொண்டுவர வேண்டும். வெளியே போகிற பழைய காற்று தன் சூட்டை மட்டும் உள்ளே வருகிற புதுக்காற்றுக்குக் கொடுத்துவிட்டுப் போகும். இரண்டும் கலக்காது. எனக்கு அது பிடித்திருந்தது.

"எந்த ரூம்ல எத்தனை பேர் படுப்பீங்க? அதை வச்சுத்தான் காத்து அளவு போடணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொன்னார்: "கீழ அப்பா. மேல பெரிய ரூம்ல ஒருத்தர். சின்ன ரூம்ல ஒருத்தர்."

"ஏன் சார், குறட்டையா?" என்று அவள் சிரித்தாள். இவர் சிரிக்கவில்லை.

நான் சிரித்தேன். எதுக்குச் சிரிச்சேன்?

செப்டம்பர் 7

இன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

செப்டம்பர் 10, புதன்

நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் என்னை இறக்கிவிட வந்தபோது காருக்குள்ளேயே கேட்டேன். அவர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற டிரைவிங் ஸ்கூல் வண்டி. அவர் பக்கம் ஒரு பிரேக், என் பக்கம் ஒரு பிரேக்.

"வேற யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்ல."

"அப்புறம் என்ன?"

முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார். "உன்மேல குறை ஒண்ணும் இல்ல. சாயந்திரம் ஆனா வீட்டுக்கு வர மனசு வரல. ரொம்ப நாளாவே. வீடு முடியட்டும், நீயும் அப்பாவும் போய் உட்காந்தப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

என்னைக் குடி வைத்துவிட்டுப் போகிற உத்தேசம். அதுவரைக்கும் சின்ன அறை.

யாராவது ஒருத்தி இருந்திருந்தால் திட்டுவதற்காவது ஆள் கிடைத்திருக்கும். குறையே இல்லாதவளை விட்டுப் போகிறார் என்றால் நான் எதைத் திருத்திக்கொள்வது? இத்தனை வருஷம் பக்கத்துல படுத்திருந்த எனக்கு ஒண்ணுமே தெரியல. என்ன பொம்பள நான்?

செப்டம்பர் 16, செவ்வாய்

போய்விட்டார். சிநேகிதர் வீட்டில் இருக்கிறாராம். மாமாவிடம் வெளியூரில் பயிற்சி என்று சொல்லியிருக்கிறார்.

கடையில் இடது கண் பவரை வலது லென்ஸில் அரைத்துவிட்டேன். "வீட்டைக் கட்டிப் பார்னு சும்மாவா சொன்னாங்க" என்று முதலாளி ஆறுதல் சொன்னார். கல்யாணம் பண்ணிப் பார் என்றும் அதே வாயால்தானே சொன்னார்கள்.

கான்ட்ராக்டர் போன். "அக்கா, எந்தக் குழாய்னு சொல்லுங்க. சீலிங்கை மூடணும். மூடிட்டா அப்புறம் உடைக்கத்தான் வேணும்." மூடித் தொலைங்க என்று நாக்கு நுனிவரை வந்தது. கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது. "பயிற்சிக்குப் போறவன் குளிர் கோட்டு அத்தனையுமா எடுத்துட்டுப் போவான்?" என்றார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மத்தியானம் நாத்தனார் வந்தாள், கையில் காலிப் பெட்டியோடு. "அப்பாவை நாங்க வச்சுக்கறோம் அண்ணி. இனிமே நீங்க எதுக்குக் கஷ்டப்படணும்?"

நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் அந்த 'இனிமே'. அவளுக்கு அவர் அப்பா. எனக்கு யார்? புருஷன் இல்லையென்றால் மாமனார் என்ன உறவு? அதற்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. அவருடைய மருந்துகளை நானே எடுத்து வைத்தேன். மாமா ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். கார் கிளம்பும்போதுகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 24

வீட்டில் யாரும் இருமவில்லை.

அக்டோபர் 2, வியாழன்

லீவு. எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. எழுந்து என்ன ஆகப்போகிறது?

பொறியாளர் அம்மாவுக்கு போன் போட்டேன். எல்லாவற்றையும் சின்னதாகப் போட்டுவிடுங்கள், நான் ஒருத்திதான் இருக்கப்போகிறேன் என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "மேடம், காத்தைத்தான் ஆளை வச்சுக் கணக்குப் போடுவோம். ஹீட் பம்ப் வீட்டை வச்சு. ஒருத்தர் இருந்தாலும் மூணு பேர் இருந்தாலும் சுவர் வழியா வெளிய போற சூடு ஒண்ணுதான்."

அவள் கணக்கைத்தான் சொன்னாள். நான் போனை வைத்துவிட்டு, குளியலறைத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். எனக்கு எதுக்கு அவ்வளவு சூடு? பிள்ளையும் இல்லை. யாருக்காக அந்த வீடு?

விற்றுவிடலாம். இல்லை, அப்படியே கிடக்கட்டும்.

அக்டோபர் 5, ஞாயிறு

மாமா கூப்பிட்டார். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. எடுத்த எடுப்பில், "என் ரூமுக்குக் காத்துக் குழாய் வந்தாச்சா?"

"மாமா, நீங்க இப்ப அங்கதானே..."

"இங்க எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கறாங்க. ஆனா நான் எங்க படுக்கணும்னு என் ரெண்டு பிள்ளைங்களும் முடிவு பண்றாங்க. நான் என்ன பார்சலா? உனக்குப் பாரமா இருந்தா சொல்லிடு, அது வேற விஷயம்."

பாரமெல்லாம் இல்லை மாமா என்றேன்.

"இன்னொண்ணும்மா. அவன் என் பிள்ளை. நீ அவனைத் திட்டினா தப்பில்ல. ஆனா என் காதுல விழ வேண்டாம். அது மட்டும்."

சரி என்றேன். பேச்சு முடிந்தும் யாரும் போனை வைக்கவில்லை.

அக்டோபர் 8, புதன்

பொறியாளர் அம்மா தான் முடித்துக்கொடுத்த ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனாள். காற்று வருகிற வாய்க்குக் கீழே நாற்காலி போட்டு ஏறி நின்று காதை வைத்தேன். ஊசி விழுந்தால் கேட்கும் போலிருந்தது. மாமாவுக்கு எறும்பு நடந்தால்கூட முழிப்பு வந்துவிடும். இது போதும்.

முடிவாகச் சொல்லிவிட்டேன். தரையைத் துளைக்க வேண்டாம், வெளிக்காற்றில் ஓடுகிற ஹீட் பம்ப். வெளியே நிற்கும் பெட்டி சமையலறைச் சுவரோரம், மாமாவின் ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம். எல்லா அறைக்கும் காற்றுக் குழாய். அவர் அறைக் குழாயில் சத்தம் அடக்குகிற பெட்டி தனியாக. "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா" என்று கான்ட்ராக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

சந்தோஷமா? இல்லை. ஒரு வேலை முடிந்தது.

டிசம்பர் 20, சனி

குடி வந்தோம். நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் அப்பாவைக் கொண்டுவந்து விட்டாள். வெளியே எலும்பைக் குத்துகிற குளிர். உள்ளே எல்லா அறையும் ஒரே சூடு, யாரும் படுக்காத சின்ன அறையும். அதன் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

ஜனவரி 11

பெரிய கட்டிலில் இன்னும் என் ஓரத்திலேயே படுக்கிறேன். நடுவில் வர முடியவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

அவர் அப்பாவைப் பார்க்க வந்தார். முதல் தடவை. மணி அடித்துவிட்டு வெளியே நின்றார். வரைபடம் போட்ட நாளிலிருந்து அவருக்குத் தெரிந்த வீடு, ஆனாலும் கோட்டை எங்கே மாட்டுவது என்று கேட்டார். காட்டினேன்.

அப்பாவும் பிள்ளையும் கீழ் அறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமா ஏதோ ரயில் கதை சொல்லி, நடுவில் ஓரிரு தடவை மட்டும் இருமி, கதையை முடித்துவிட்டார். முன்பெல்லாம் முடிக்க மாட்டார்.

நான் டீ கொண்டுபோனேன். "வீடு நல்லா இருக்கு" என்றார் அவர். "ம்" என்றேன். நெஞ்சு வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் என் டீயை எடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன்.

அவர் போனபிறகு பாத்திரம் கழுவும்போதுதான் கவனித்தேன். மாமாவுக்கும் எனக்கும் தினமும் குடிக்கிற மக். அவருக்கு மட்டும், விருந்தாளிகளுக்கென்று எடுத்து வைத்திருக்கும் சாஸர் வைத்த கப். யோசித்துச் செய்யவில்லை.

துடைத்து, மேல்தட்டில் திரும்ப வைத்தேன்.