ஆறு பொட்டலம் கொயினா

ஐப்பசி 14, செவ்வாய்.

மேலூரில் இன்று சந்தை. ஆஸ்பத்திரியில் ஒரே கூட்டம். முறைக்காய்ச்சல் என்று மூன்று வயது மகளை நேற்றுத் தூக்கி வந்த நடவுக்காரி மறுபடியும் வந்து நின்றாள். பிள்ளை வாந்தியெடுத்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அழுதது. காய்ச்சலுக்குக் கொடுத்த கொயினாத் தூள் அளவு மிஞ்சிவிட்டது என்று பார்த்தவுடனே தெரிந்தது.

அத்தனை பேர் முன்னால் சத்தம் போட்டேன். "ரெண்டு பொட்டலத்த ஒண்ணாக் குடுத்தியா? அம்புட்டு அவசரமோ?"

"இல்லய்யா, வேளைக்கு ஒண்ணுதான்" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். நேற்று நான் மடித்துக் கொடுத்த ஆறு பொட்டலத்தில் மூன்று மீதி இருந்தது. அவள் சொன்னது சரி. பிரித்துப் பார்த்தேன். ஒன்றில் சிட்டிகைத் தூள். இன்னொன்றில் அதைப்போல் இரண்டு பங்கு.

தராசு என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. மொத்தத்தை மட்டும் எடை போட்டு, காகிதத்தில் கொட்டி, கத்தியால் கண்மதிப்பாக ஆறாகப் பிரிப்பது என் வழக்கம். பெரியவர்களுக்கு அது தாங்கும். பச்சைப் பிள்ளைக்கும் அப்படியே செய்திருக்கிறேன்.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "என்ன கம்பவுண்டர், ஒவ்வொன்றும் எடை போட்டுத்தானே கொடுத்தீர்?"

"ஆமாங்க சார்" என்றேன். பொட்டலங்கள் அதற்குள் என் சட்டைப்பைக்குள் போயிருந்தன.

இன்றைக்கு மருந்தே வேண்டாம், காது இரைச்சல் தானாக அடங்கும் என்றார் அவர். அடங்க வேண்டும்.

அவள் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். "நாந்தான் எங்கயோ தப்புப் பண்ணிருப்பேன்யா. இனிமே பாத்துக் குடுக்குறேன்."

நான் அவளுக்குச் சொன்னேன்: "இனிமேலாச்சும் கவனமா இரு."